ஈரப் பலகை

இருட்டு பிரியும் முன்பே நாங்கள் படகின் மேல் ஏறிவிட்டோம். வெயில் ஏறிவிட்டால் மேல்தளத்தில் கால் வைக்க முடியாது, பாதம் வெந்துவிடும். மேஸ்திரி முன்னால், ரம்பம் என்று நாங்கள் கூப்பிடும் அறுப்புக்காரன் அவருக்குப் பக்கத்தில், நான் கடைசியில். பழைய பிளைவுட் தளத்தை முழுக்கப் பெயர்த்தெடுத்துப் புதுத் தளம் போட வேண்டும். கடப்பாரையின் நுனியைப் பலகைக்கும் அடியிலிருக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி, உடம்புக் கனம் மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்தால் துருப்பிடித்த திருகாணிகள் கிறீச்சிட்டபடி மேலே வரும். பனியில் நனைந்த இரும்பு உள்ளங்கைத் தோலைப் பிடித்து இழுத்தது. டீசலும் மீன் கவிச்சியும் அழுகிய மரமும் கலந்த வாடை தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

தளத்தின் நடுவே, மீன் கிடங்கின் வாய்க்குப் பக்கத்தில், ஒரு ஓட்டை இருந்தது. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு. மூன்று பேரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தோம், யாரும் தாண்டவில்லை. ரம்பத்துக்கு அந்தப் பெயர் அவன் செய்யும் வேலையால் மட்டும் வந்ததில்லை, வாயாலும் வந்தது. ஒரு டம்ளர் டீ குடிப்பதற்குள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லிவிடுவான். அவன்கூட அன்று காலையில் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஓட்டை வழியாகத்தான், எங்கள் பட்டறையில் பலகைக்குப் பூச்சு பூசும் பூச்சக்காவின் தம்பி விழுந்தான். நடுக்கடலில் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் பலகை உடைந்து, நேராக எஞ்சின் அறைக்குள் போய்விட்டான். கரை வந்து சேர்வதற்குள் உயிர் இல்லை. உடலைக் கொடுத்துவிட்டு, படகை எங்கள் பட்டறைக்கு இழுத்துவந்து சரிவுப் பாதையில் ஏற்றிக் கட்டிவைத்தார்கள்.

படகும் முதலாளியுடையதுதான், பட்டறையும் அவருடையதுதான். பட்டறைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் தகர வீடுகள், அதில் குடியிருக்கும் நாங்கள், நாங்கள் தண்ணீர் பிடிக்கிற குழாய், எல்லாமே அவருக்குச் சொந்தம் என்று அவர் நினைப்பு. குழாயைப் பற்றி அவர் நினைப்பது சரிதான்.

என்னைத் தூசி என்பார்கள். தேய்ப்பு மெஷின் பிடிப்பவன் நான். தலை முதல் கால் வரை எப்போதும் மரத்தூள். பட்டறைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அந்தத் தளம் அதற்கு முன்பே போடப்பட்டது. போட்டவர் மேஸ்திரி, அறுத்தது ரம்பம், தண்ணீர் புகாமலிருக்க ரெசின் பசை பூசியது பூச்சக்கா.

பலகையின் முகத்தில் பூசுவதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை, பிரஷ் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஓரத்தில் பூசுவதுதான் வேலை. பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தாலும் திருகாணி ஓட்டையாலும்தான். பூச்சக்கா ஒவ்வொரு ஓரத்துக்கும் மூன்று கை பூசுவாள், முதல் பூச்சைப் பலகை உறிஞ்சும் வரை பக்கத்திலேயே குந்தியிருப்பாள். ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, அது இறுகிய பிறகு அதற்குள் சின்னதாகத் துளைப்பாள். திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அத்தனை கவனம். அப்படிப்பட்டவள் பூசிய தளம் உடைந்து அவளுடைய தம்பியே போய்ச் சேர்ந்தான் என்றால், அந்தப் பொம்பளை எப்படித் தூங்குவாள்?

தூங்கவில்லைதான். பட்டறையில் இதற்குள் ஒரு பேச்சு பரவியிருந்தது. 'பூச்சு சரியில்லையாம், ஓரத்தை விட்டுட்டாளாம்.' யார் கிளப்பிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். படகு வந்த மறுநாளிலிருந்து, தினமும் வெயில் ஏறுகிற நேரத்தில், படகுப் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கூட்டத்தில் பேசச் சொன்னால் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அரை மணி நேரம் பேசுவேன். ஆனால் முதல் தடவை அதைக் கேட்டபோது என் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போனது. ஏனென்றால், படகு பட்டறையில் நிற்கும் நாட்களில் அந்தத் தம்பி கிடங்குக்குள் உட்கார்ந்துகொண்டு, மேலே பூசிக்கொண்டிருக்கும் அக்காவின் காலடியில் விரல் முட்டியால் தட்டி விளையாடுவானாம். "டேய், பூச்சு கலையும்டா!" என்று அவள் கத்துவாளாம். ரம்பம் சொன்ன கதைகளில் நான் முழுசாகக் கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்று காலை அவள் ஏணியின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். படகு வந்ததிலிருந்து அவள் அதில் ஏறவில்லை.

"ஓரத்தைப் பாருங்க மேஸ்திரி," என்று கீழேயிருந்து சொன்னாள். "கிடங்கு வாயோரம் இருக்கிற பலகையோட ஓரத்தை முதல்ல பாருங்க."

மேஸ்திரி அந்தப் பலகையைப் பெயர்த்து நிமிர்த்தினார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு மறுபக்கமும் பார்த்தார். உடைந்த இடத்தைத் தவிர ரெசின் எங்குமே விட்டிருக்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் கண்ணாடியாட்டம் மின்னியது. பிறகு பலகையைச் சட்டத்தில் சாய்த்துவைத்துக் காலால் ஒரு மிதி மிதித்தார். அது முறியவில்லை, பிய்ந்தது. உள்ளே கன்னங்கரேலென்று, மழையில் கிடந்த பழைய புத்தகம்போல், அடுக்கடுக்காக ஊறிப்போயிருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

பிய்ந்த பலகைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் கீழே இறங்கினோம்.

"உன் பூச்சு போகலம்மா," என்றார் மேஸ்திரி. "ஒரு சொட்டு உள்ள விடல."

"நான்தான் சொன்னேன்ல!" ரம்பத்துக்கு அப்போதுதான் வாய் வந்தது. "அக்கா, உன் மேல தப்பே இல்ல. வா, இப்பவே போயி அந்தாளு மூஞ்சிக்கு நேரா..."

அவள் துண்டை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பலகையை அவள் அப்படித்தான் சோதிப்பாள். காய்ந்த பலகை கன்னத்துச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும், ஈரப் பலகை எவ்வளவு நேரம் வைத்தாலும் சில்லென்றே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கறுப்புத் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது.

"வெளியிலேர்ந்து போகலன்னா, இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள்.

 மேஸ்திரிக்கு விடை தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் தரையைப் பார்த்தார்.

"உள்ளயே இருந்துச்சு. அன்னைக்கு மழையில நனைஞ்சு வந்த பலகை. கன்னம் வச்சுப் பாத்தேன், பச்சத் தண்ணியாட்டம் இருந்துச்சு. ஈரம் காயணும்னு முதலாளிகிட்ட சொன்னேன். சீசன் ஆரம்பிச்சிடும், பேசாம பூசுன்னாரு." துண்டைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். "நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஈரத்துக்கு ஈடா இருக்கட்டும்னு இன்னொரு கை கூடுதலா பூசினேன். நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டு. தண்ணி வெளியேறதுக்கு ஒரு ஊசிமுனை வழிகூட விடல."

சரியாகப் பூசாதவள் பூசியிருந்தால் அந்தப் பலகை எங்காவது ஒரு விரிசல் வழியாகக் காய்ந்து பிழைத்திருக்கும். அவள் கை சுத்தமான கை. அதனால்தான் ஈரம் உள்ளேயே கிடந்து அத்தனையையும் தின்றது. இதைவிடக் கொடுமையான ஒரு தண்டனையை ஒரு நல்ல வேலைக்காரிக்கு யாரும் கொடுக்க முடியாது.

அப்போது கேட்டது. டக்.

படகின் மேல் யாரும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் அதன் காலடியில்தான் நின்றிருந்தோம். சத்தம் படகிலிருந்து வரவில்லை. அக்காதான் முதலில் திரும்பினாள். டக். முதலாளி எப்போதும் பூட்டிவைத்திருக்கும் பழைய தகரக் கொட்டகையிலிருந்து வந்தது.

அன்று பூட்டு திறந்து தொங்கியது. உள்ளே போனோம். கூரைத் தகரத்தில் பெரிய ஓட்டை, அதற்கு நேர் கீழே, புதிதாக இழுத்துவைத்த தடத்தோடு, தார்ப்பாய் போர்த்திய ஒரு மேடு. ஓட்டை வழியாக வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. மேஸ்திரி தார்ப்பாயை இழுத்தார். பிளைவுட் கட்டு. மேலே கிடந்த ஒன்றிரண்டு பலகைகள் புத்தம் புதுசு, அவற்றுக்கு அடியில் எல்லாம் ஓரத்தில் நீலப் பெயின்ட் கோடு இழுத்த பழசு. வெயில் பட்டு மேலடுக்குகள் காய்ந்து சுருங்கும்போது, அடியில் ஊறிய அடுக்கிலிருந்து பசை விட்டு ஒவ்வொன்றாக வெடித்தன. எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு பலகையின் மூலை, உதடு பிரிவதுபோல், 'டக்' என்று வாயைத் திறந்தது.

மேலே பெயர்த்த தளத்தின் பலகைகளிலும் ஓரத்தில் அதே நீலக்கோடு இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"அதே கட்டு," என்றாள் அக்கா. அவள் குரல் எனக்குப் பயமாக இருந்தது. "அன்னைக்கு மிஞ்சினது."

"இது இன்னும் இங்க எதுக்குக் கெடக்குது?" என்றான் ரம்பம்.

மேஸ்திரி தார்ப்பாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். "புது டெக்குக்குப் பலகை கொட்டகையில ரெடியா இருக்கு, இந்த வாரத்துக்குள்ள பூசி முடிங்கன்னு நேத்து சொன்னாரு."

சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. அந்தக் கட்டைப் பார்க்கப் பார்க்க, அதில் இன்னும் விழவேண்டிய ஆட்கள் வரிசையாக அடுக்கிவைக்கப்பட்டிருப்பதுபோலத் தோன்றியது. அவன் தட்டவில்லைதான். ஆனால் அவன் உயிரோடிருந்து தட்டியிருந்தால், இதைக் காட்டத்தான் தட்டியிருப்பான்.

மேஸ்திரி ஒரு நீலக்கோட்டுப் பலகையின் மூலையில் கை அகலத்துக்கு ஒரு துண்டை அறுக்கச் சொன்னார். டீ போடும் அடுப்பில் தண்ணீர் கொதிக்க, அதை உள்ளே போட்டோம். கடலுக்குப் போகிற பலகை என்றால் நாள் முழுக்கக் கொதித்தாலும் அடுக்கு விடக் கூடாது. இது, டீ குடித்து முடிப்பதற்குள் சீட்டுக்கட்டுபோல் பிரிந்து மிதந்தது. வீட்டுக்குள் அலமாரி செய்ய வாங்கும் மலிவுச் சரக்கு. மழையில் நனைந்தது மட்டுமில்லை, நனையவே கூடாத பலகை அது.

விஞ்ச்காரர் அந்தப் பக்கமாகப் போனார். படகுகளை இரும்பு வடத்தால் சரிவில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. முதலாளிக்குத் தூரத்து மச்சான் முறை. யாரோடும் சேராமல் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார், அவர் தலையைக் கண்டால் நாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். பாத்திரத்துக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, செண்டு வாசனை. பட்டறையில் அழுக்குப் படாமல் நடக்கும் வித்தை அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"என்ன மேஸ்திரி, பலகையைப் போட்டுக் குழம்பு வைக்கிறீங்களா?"

"இந்தக் கட்டு ஆகாது முதலாளி. அடுக்கு விடுது."

"கொதிக்கிற தண்ணியில போட்டா நீங்களும்தான் விடுவீங்க. கடல் என்ன கொதிக்கவா செய்யுது?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் இளகியது. அவருடைய குரல் இளகினால் யாருக்கோ குழி தோண்டிவிட்டார் என்று அர்த்தம். "ஏம்மா, நாளைக்குக் காலையில படகு ஆளுங்க வர்றாங்க. டெக்கு ஏன் உடைஞ்சுதுன்னு தெரியாம ஏற மாட்டோம்னு டிரைவர் அடம்பிடிக்கிறான். பூச்சுல கவனக்குறைவு, தெரியாம நடந்துபோச்சுன்னு நீ உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. இறந்தது உன் தம்பி. உன்னை யாரு என்ன சொல்லிடப் போறாங்க? அழுதுட்டுப் போயிடுவாங்க."

"முதலாளி, பூச்சு நல்லாத்தான் இருக்கு," என்றேன் நான்.

"உன்னைக் கேட்டேனா? மெஷின்ல ஊதுற தூசியெல்லாம் வாய் திறக்குது." மறுபடியும் அவளிடம்: "வலைக் கொட்டகையில உனக்கு வேற வேலை போட்டுத் தரேன். அம்மாவும் நீயும் உங்க பாட்டுக்கு அந்த வீட்லயே இருங்க. இல்லேன்னா எனக்கும் வேற வழியில்ல பாத்துக்க. ஆளைக் கொன்ன கையை நான் எப்படிப் பட்டறையில வச்சுக்கிறது?"

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. அவள் பாதி நம்பிவிட்டாள் என்று தெரிந்தது.

சாயங்காலம், அழுகிப்போன மூன்று பழஞ்சட்டங்களைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்காவின் அறையும் என் அறையும் ஒரே தகரச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும். அன்று சுவர் வழியாகக் கேட்க வேண்டியதில்லை, அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"தூசி, உள்ள வாயேன். அம்மாகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். தனியா சொல்ல முடியல."

அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒற்றை அறை. மூலையில் ஸ்டவ், அதற்கு மேல் கயிற்றில் தம்பியின் சட்டை ஒன்று துவைக்காமலே தொங்கியது. படகு வந்த நாளிலிருந்து அந்த அம்மா மகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவதில்லை, அழுவதில்லை. சோறு போட்டுத் தட்டை நீட்டும்போதெல்லாம், "நீதானே பூசினே?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்குப் பதில் நான்கு அறை அறைந்திருக்கலாம்.

அக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சு விடவில்லை என்பதை, உள்ளே இருந்த ஈரத்தை, முதலாளி அவசரப்படுத்தியதை, கொட்டகையிலிருக்கும் பலகைக் கட்டை, நாளைக்கு அவள் சொல்லவேண்டிய வார்த்தையை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். இப்போது மகளின் தலையில் கை வைப்பார், கட்டிக்கொண்டு அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஈரம்னு உனக்குத் தெரியும்," என்றார் அம்மா.

"தெரியும்மா."

"தெரிஞ்சா பூசினே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் இடையில் புகுந்தேன். "அம்மா, வேலை போயிடும்னு பயம். வீட்டை விட்டுத் துரத்திடுவாங்கன்னு பயம். எங்க எல்லாருக்கும் அதே பயம்தான். அன்னைக்கு மேஸ்திரிக்கும் தெரியும், ரம்பத்துக்கும் தெரியும். பலகையைத் தூக்கிட்டு வந்தது உங்க புள்ளதான், அவனுக்கும் நனைஞ்சதுன்னு தெரியும்னு மேஸ்திரி இன்னைக்குத்தான் சொன்னாரு. எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க."

"அவனுக்கும் தெரியுமா?" அம்மா சட்டையை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.  செத்தவன் வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் நான் மறுத்திருக்க மாட்டேன்.

பிறகு அம்மா மகளின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினார். "நாளைக்குத் திரும்பவும் ஈரப் பலகையப் பூசுவியா?"

 அந்தக் கேள்வியோடுதான் அவளும் படுத்தாள், நானும் படுத்தேன்.

காலையில் படகு ஆட்கள் வந்தார்கள். டிரைவர், வலை இழுப்பவர்கள், எஞ்சின் பார்ப்பவன். கடலுக்குப் போகாமல் கிடந்ததில் எல்லோர் முகத்திலும் பசி தெரிந்தது. முதலாளி அவர்களைப் படகின் முன்னால் நிறுத்தினார். நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். எங்கள் இரு தரப்பையும் எதிரெதிராக நிறுத்துவதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

"சொல்லும்மா," என்றார். "பூசினது யாரு?"

"நான்தான்," என்றாள் அக்கா.

டிரைவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க யாராலும் முடியாது. தம்பியைத் தன் மடியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தவர் அவர்.

"கேட்டுக்கிட்டீங்களா? அவ்வளவுதான். இனிமே வேற ஆளு பூசுவாங்க, நீங்க நிம்மதியா..."

"இன்னும் முடிக்கல முதலாளி." அவள் குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை. "ஈரப் பலகையத்தான் பூசினேன். ஈரம்னு தெரிஞ்சே பூசினேன். வேணாம்னு இவர்கிட்ட சொன்னேன், பூசுன்னாரு, பயந்துக்கிட்டுப் பூசினேன். பூச்சு விடல, பாருங்க, மேல கெடக்குது, நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. பலகைதான் உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. அதே கட்டு அந்தக் கொட்டகையில இருக்கு. அதைத்தான் இப்ப உங்க காலுக்கடியில போடச் சொல்றாரு. அண்ணே, என் தம்பி போனதுக்கு என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. இந்தப் பலகைய நான் பூச மாட்டேன்."

"நான் அறுக்க மாட்டேன்," என்றான் ரம்பம். அவன் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது.

"நான் போட மாட்டேன் முதலாளி," என்றார் மேஸ்திரி. "அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

நான் மெஷினின் ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன்.

முதலாளியின் வெள்ளைச் சட்டை அக்குளில் நனைய ஆரம்பித்தது. "பாத்தீங்களாய்யா?" என்று படகு ஆட்களிடம் திரும்பினார். "நீங்க அடுப்பு எரியாம கெடக்குறீங்க. இவங்களுக்குப் பலகை மணக்கலையாம்! டெக்கு இல்லேன்னா கடல் இல்ல. கடல் இல்லேன்னா சோறு இல்ல. உங்க வயித்துல அடிக்கிறது யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அது அவர்களைத் தொட்டது, மறுப்பதற்கில்லை. எஞ்சின் பார்ப்பவன் எங்களை முறைத்தான். வலைக்காரர்களில் ஒருவர், "எப்படியாவது ஒரு டெக்கைப் போட்டுக் குடுங்கப்பா" என்று முணுமுணுத்தார். டிரைவர் கொட்டகைக்குள் போனார். ஒரு நீலக்கோட்டுப் பலகையைத் தரதரவென்று இழுத்துவந்தார். இரண்டு மரக்கட்டைகளின் மேல் அதைப் பாலம்போல் வைத்தார். முதலாளியைப் பார்த்தார்.

"ஏறுங்க."

"என்னது?"

"நாங்க அலையில ஏறி நிக்கணும். நீங்க தரையில ஏறி நில்லுங்க. வலைகூட இழுக்க வேணாம், ஒரு குதி குதிச்சாப் போதும்."

முதலாளி ஏறவில்லை. பலகை முழங்கால் உயரத்தில்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே எஞ்சின் அறையின் இருட்டு இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவரும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"முதலாளி ஏறாத பலகையில நாங்களும் ஏறல," என்றார் டிரைவர்.

"சரி!" முதலாளியின் இளகிய குரல் எங்கோ போய்விட்டது. "உங்களை விட்டா உலகத்துல பட்டறையே இல்லையா? படகை இப்பவே தண்ணியில இறக்கி வேற இடத்துக்கு இழுத்துட்டுப் போறேன். இதே பலகையைப் போட்டு, வேற ஆளை வச்சு ஓட்டிக் காட்டுறேன். நீங்க அத்தனை பேரும் பொழுது சாயறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணுங்க. மச்சான்! விஞ்சைப் போடுங்க!"

யார் முதலில் தொடங்கியது என்று இன்றைக்குக் கேட்டால் ரம்பம் தான்தான் என்பான். நான் பார்த்தது அக்காவை. கொட்டகைக்குள் ஓடி ஒரு பலகையின் முனையைத் தூக்கினாள். எங்களை முறைத்துக்கொண்டு நின்ற எஞ்சின்காரன் போய் மறுமுனையைப் பிடித்தான். அப்புறம் எல்லோரும்தான். ஈரத்தில் கனத்துப்போயிருந்த அந்தக் கட்டிலிருந்து ஒவ்வொரு பலகையாகத் தூக்கிவந்து, சரிவுப் பாதையில், படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே குறுக்காக அடுக்கினோம். அடுக்கி அதன்மேல் உட்கார்ந்தோம், பட்டறைக்காரன் படகுக்காரன் என்று பார்க்காமல், இடம் கிடைத்த இடத்தில். வேட்டியும் கால்சட்டையும் வழியாக அந்தச் சில்லிப்பு உடம்பில் ஏறியது.

வரிசை வீட்டிலிருந்து அம்மா நடந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரெசின் ஏறிக் காய்த்துப்போன விரல்கள்.

சரிவில் எங்களுக்கு மேலே, நேர் எதிரே, தளமில்லாத படகு ஒற்றை வடத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. விஞ்ச்காரர் பிரேக்கை விட்டால் அது எங்கள் மேல்தான் வரும். முதலாளி மறுபடியும் கத்தினார். விஞ்ச்காரர் எங்களைப் பார்க்காமலே தன் அறைக்குள் போனார். மோட்டார் உறுமியது. வடம் விறைத்து அதிர்ந்தது, படகின் சட்டங்கள் முனகின. அக்கா கண்ணை மூடவில்லை. டிரைவர் எழுந்திருக்கப் பார்த்து, பிறகு உட்கார்ந்துகொண்டார். நான் செத்துப்போவதைப் பற்றி யோசிக்கவில்லை, என் அறையில் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் நின்றது.

விஞ்ச்காரர் வெளியே வந்தார். அறையைப் பூட்டினார். பிரேக்கின் இரும்புக் கைப்பிடி அவர் கையில் இருந்தது, கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அது இல்லாமல் வேறு யாரும் படகை இறக்க முடியாது. மச்சான், மச்சான் என்று பின்னாலேயே வந்த குரலுக்குத் திரும்பாமல் சரிவில் மெதுவாக இறங்கி எங்கள் முன்னால் வந்து நின்றார். அத்தனை நாளில் அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்கம்மா," என்றார்.

அம்மாவும் மகளும் நகர்ந்து இடம் விட்டார்கள்.